ஊதும் குழாய்க்குத் தெரியாது

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு நாக்ஸ்கோவ் ஊர்த் தேவாலயக் கூடத்தில் மூச்சுக்காரர்களின் பாட்டுக்குழு கூடும். பேர்தான் பாட்டுக்குழு. முதல் கால் மணி நேரம் பாம்பு மாதிரி சீறுவதும், தண்ணீர் பாட்டிலில் உறிஞ்சுகுழல் விட்டுக் குமிழி ஊதுவதும்தான் நடக்கும். பாடினால் நுரையீரலுக்கு நல்லது என்று நகராட்சி நம்பியது. காபி இலவசம் என்பதால் மற்றவர்களும் நம்பினார்கள். மொத்தம் பதினெட்டுப் பேர். நுரையீரல் எல்லோருக்கும் கெட்டுப்போயிருந்தது. அதற்கு மேல் ஆளுக்கு இரண்டோ மூன்றோ வேறு. ஒரே ஒரு நோயோடு வந்து சேருகிறவரை, குழுவின் பழைய ஆளான வெர்னர் "புதுசு" என்றுதான் கூப்பிடுவார்.

லிஸ்ஸி புதுசு இல்லை. நுரையீரல், சர்க்கரை, இதயத்தில் ஒரு ஸ்டென்ட், எலும்புத் தேய்மானம், இவை போதாதென்று ரத்த அழுத்தம். அறுபத்தெட்டு வயதில் காலைக்கு எட்டு மாத்திரை, ராத்திரிக்கு ஐந்து. அவள் உடம்பைப் பாகப்பிரிவினை செய்துகொண்ட ஐந்து டாக்டர்களும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. ஆனாலும் சொல்லி வைத்ததுபோல் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். சிகரெட் பிடிக்கிறீர்களா?

"விட்டுட்டேன்" என்று ஐந்து பேரிடமும் சொல்லியிருந்தாள். முன்பெல்லாம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் கண்ட பலன், கால் வலி என்று போனாலும் சிகரெட், தூக்கம் வரவில்லை என்று போனாலும் சிகரெட் என்று பேச்சு அங்கேயே போய் முட்டிக்கொண்டு நின்றதுதான். திட்டவாவது திட்டுவார்களா என்றால் அதுவும் இல்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பொய்யே தேவலை என்று அவள் முடிவு செய்து வெகுகாலம் ஆகிறது.

டாக்டர்களிடம் சொன்ன பொய் அவளை உறுத்தவில்லை. யூட்டாவிடம் சொன்னதுதான் உறுத்தியது.

யூட்டாவும் அவளும் பதினாறு வயதில் ஒரே நாளில் சர்க்கரை ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்தவர்கள். சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்குக் குவியலுக்குப் பின்னால் நின்று யூட்டாவின் முதல் சிகரெட்டைப் பற்றவைத்துக் கொடுத்தவள் லிஸ்ஸி. இருமி, கண்ணில் தண்ணீர் விட்டு, "சீ, இதையா பிடிக்கிறீங்க" என்று சொன்ன யூட்டா, அதற்குப் பிறகு ஐம்பத்திரண்டு வருஷம் அதை விடவில்லை. இந்த ஏப்ரலில்தான் விட்டாள். கோபன்ஹேகனில் பெரிய ஆஸ்பத்திரியில் அவள் நுரையீரலுக்குள் குட்டி அடைப்பான்கள் வைக்கச் சம்மதித்திருந்தார்கள். கெட்டுப்போன பகுதியை அடைத்துவிட்டால் நல்ல பகுதி விரிய இடம் கிடைக்குமாம். தலை சீவும்போது பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருக்காது. ஒரே ஒரு நிபந்தனை, ஆறு மாதம் சிகரெட்டைத் தொடக் கூடாது.

"தனியா என்னால முடியாதுடி. நீயும் விட்டா நானும் விடுவேன்" என்று யூட்டா தன் பிறந்தநாளன்று கேக் வெட்டிய கையோடு சொன்னாள்.

"விட்டாச்சு போ, இந்த நிமிஷத்துலேருந்து" என்றாள் லிஸ்ஸி.

இரண்டு பேரும் பாக்கெட்டுகளை உர டப்பாவில் போட்டார்கள். யூட்டாவின் புருஷன் எகோன் அவற்றின் மேல் உருளைக்கிழங்குத் தோலைக் கொட்டினான். யூட்டா திரும்பிப் பார்க்கவில்லை. லிஸ்ஸி ஒன்பது நாள் தாக்குப்பிடித்தாள். பத்தாம் நாள் மழை பெய்தது. பால்கனியில் நின்று ஒன்றே ஒன்று பிடித்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அந்த நாளைக்கு ஆறு மாதம் ஆயிற்று.

பாட்டுக்குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பாடுவதற்கு முன்னால் உப்பு போட்ட அதிமதுர மிட்டாய் டின்கள் கை மாறும். கறுப்பாக, நாக்கைச் சுரண்டும். ஆளுக்கொரு டின் வைத்திருப்பார்கள். நீட்டியதை மறுப்பதும் கிடையாது, கேட்டவருக்கு இல்லை என்பதும் கிடையாது. லிஸ்ஸியிடமும் ஒரு சிவப்பு டின் இருந்தது. அதற்குள் இருந்தது அதிமதுரம் இல்லை, மருந்துக்கடையில் விற்கும் நிகோடின் மிட்டாய். யூட்டாவோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டுமே, கை நடுங்காமல் இருக்க வேண்டுமே என்று வாங்கியது. மருந்துக்கடை டப்பாவை அப்படியே கொண்டுவந்தால் அந்தக் கூடத்தில் கண் தெரியாதவர்கூட அடையாளம் கண்டுவிடுவார். எல்லோரும் அதைச் சப்பித் தோற்றவர்கள்தானே. அதனால்தான் டின். சர்க்கரை நோய்க்கான இனிப்பில்லாத மிட்டாய், வாயில் வைக்க விளங்காது என்று ஒரு தடவை சொல்லி வைத்தாள். அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

அக்டோபர் மாதத்து அந்தச் செவ்வாயன்று யூட்டா கேட்டாள். மறுநாள் காலை அவளுக்குக் கோபன்ஹேகனில் கடைசிப் பரிசோதனை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"என் டின்னை அடுப்படியிலயே வச்சுட்டு வந்துட்டேன். உன் மருந்து மிட்டாயையாவது குடுடி, தொண்டை வறண்டு கிடக்கு."

"இது வேண்டாம்டி. நல்லா இருக்காது. காறும்."

"அறுபது வருஷமா உப்பு மிட்டாய் திங்கிறவகிட்ட வந்து காறும்ங்கிறா. உன் சொத்தையா எழுதிக் குடுக்கச் சொன்னேன்?"

பின்வரிசையிலிருந்து வெர்னர் எட்டிப் பார்த்தார். "குடேன் லிஸ்ஸி. ஒரு மிட்டாய்க்கு இவ்வளவு கருமித்தனமா?"

நாலு பேர் சிரித்தார்கள். பாட்டு சொல்லித்தரும் சிக்னெ பாட்டைத் தொடங்கக் கையைத் தூக்கிவிட்டாள். லிஸ்ஸிக்குக் கிடைத்தது மூன்று நொடி. அந்த மூன்று நொடியில் அவள் ஒரு கணக்குப் போட்டாள். நகராட்சி நடத்தும் சிகரெட் விடும் வகுப்பில் வாரா வாரம் ஒரு குழாயை ஊதச் சொல்வார்கள். புகை பிடித்திருந்தால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. முந்தின நாள் முழுக்க இந்த மிட்டாயைச் சப்பிவிட்டுப் போய் அவளே இரண்டு தடவை பச்சை வாங்கியிருக்கிறாள். ஊதும் குழாய்க்குப் புகைதான் தெரியும், மிட்டாய் தெரியாது. ஆஸ்பத்திரியிலும் அதைத்தானே ஊதச் சொல்வார்கள்.

டின்னைத் திறந்து நீட்டினாள்.

அன்று பாடியது யூட்டாவுக்குப் பிடித்த பாட்டு. மூன்றாவது அடியில் எல்லோருக்கும் மூச்சு அறுந்துபோகும் இடத்தில் அவள் மட்டும் விடாமல் இழுத்துப் பாடி முடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். கன்னம் சிவக்க லிஸ்ஸி பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா, பாத்தியா? தலைகூட லேசா கிறுகிறுங்குது. உன் மிட்டாய்ல என்னவோ இருக்குடி! இன்னொண்ணு குடு."

லிஸ்ஸி சிரித்தாள். இன்னொன்றும் கொடுத்தாள். முதலாவதை வெட்கத்தில் கொடுத்தாள் என்று சொல்லலாம். இரண்டாவதுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

பன்னிரண்டரை மணிக்கு எகோன் காரில் வந்து யூட்டாவை அழைத்துப்போன பிறகு, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் "இரண்டாம் ஒத்திகை" நடந்தது. லிஸ்ஸியும் வெர்னரும்தான் அதன் உறுப்பினர்கள். வெர்னருக்கு நுரையீரலோடு சிறுநீரகமும் கெட்டிருந்தது. இருவரும் ஆளுக்கொன்று பற்றவைத்துக்கொண்டார்கள்.

"நாளைக்கு அவ ஊதிட்டு வந்துட்டான்னா ஜெயிச்ச மாதிரிதான்" என்றாள் லிஸ்ஸி.

"ஊதுறதா? அதெல்லாம் இங்க நகராட்சியில பண்ற விளையாட்டு. அங்க கப்பைக் கையில குடுத்து ஒண்ணுக்குப் போய்ட்டு வரச் சொல்லுவாங்க. எங்க அக்கா புருஷனுக்கு அப்படித்தான். நாலு நாளைக்கு முன்னாடி தின்ன நிகோடினைக்கூடக் காட்டிக் குடுத்துடும். தோள்ல ஒட்டுற நிகோடின் பட்டை, சூயிங்கம், மிட்டாய் எதுவும் தப்பாது." வெர்னர் சாம்பலைத் தட்டினார். "ஏன், அவளுக்கு என்ன? ஆறு மாசமா தொடலையே. ராணி மாதிரி போய்ட்டு வருவா."

லிஸ்ஸி கையிலிருந்ததை முடிக்காமல் கீழே போட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் யூட்டாவுக்கு போன் செய்தாள். செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதைச் சின்னதாக மடித்து நாக்கு நுனியில் வைத்திருந்தாள். பரிசோதனையை ஒரு வாரம் தள்ளி வையுடி, அந்த மிட்டாய் நிகோடின். அவ்வளவுதான்.

"ஐயோ, நீயா! ரெண்டு தரம் பையை எடுத்து வச்சு ரெண்டு தரம் பிரிச்சுட்டேன்" என்று யூட்டா படபடவென்று பொரிந்தாள். "எகோன் தன் சட்டைக்கு இஸ்திரி போடுறான், என்னமோ அவனைத்தான் சோதிக்கப் போற மாதிரி. லிஸ்ஸி, நீ மட்டும் கூட இல்லேன்னா நான் மே மாசத்துலயே விழுந்திருப்பேன், தெரியுமா? உன்னை நினைச்சுத்தான் பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். அவளால முடியுதே, உன்னால முடியாதான்னு."

மடித்து வைத்தது நாக்கிலேயே நின்றுவிட்டது.

"நல்லபடியா போய்ட்டு வா" என்றாள் லிஸ்ஸி.

அடுத்த செவ்வாயன்று யூட்டா பாட்டுக்கு வரவில்லை. உறிஞ்சுகுழலில் ஒரு குமிழிகூட லிஸ்ஸிக்கு ஊத வரவில்லை. இடைவேளைக்கு முன்பே எழுந்து, சக்கரம் வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு யூட்டாவின் வீட்டுக்குப் போனாள். ஊரெல்லாம் வெந்த கிழங்கு வாடை. ஆலையில் அரைவைக் காலம். அரை கிலோமீட்டருக்கு மூன்று இடத்தில் நின்றாள். மூச்சு வாங்குவதற்காக மட்டும் நிற்கவில்லை என்பது அவளுக்கே தெரியும்.

வாசலில் நிற்கும் பயணவண்டியின் கதவு திறந்திருந்தது. கோடையில் காரில் மாட்டிக் கடற்கரைக்கு இழுத்துப்போய்த் தங்குகிற வண்டி அது. அதற்குள் எகோன் கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுபத்துமூன்று வயது ஆள், துறைமுகத்தில் பாரம் தூக்கிய தோள். முகம் வீங்கியிருந்தது.

"இங்க என்ன பண்ற?"

"இப்ப இதுதான் என் வீடு." சிரிக்கப் பார்த்து முடியாமல் போனது. "சனிக்கிழமை லெட்டர் வந்துச்சு லிஸ்ஸி. அவ ஒண்ணுக்குல நிகோடின் இருக்காம். மறுபடி முதல்லேருந்து ஆறு மாசம்னு போட்டிருக்கான். அவ தொடல. சத்தியமா தொடல, எனக்குத் தெரியும். வீட்டுல பிடிக்கிற ஒரே ஆள் நான்தானே? வெளியில நின்னுதான் பிடிச்சேன், ஆனா என் மீசை, என் சட்டை, என் தலைகாணி... நாப்பத்தேழு வருஷமா கூடப் படுத்தவ. என் புகைதான் அவளைக் கெடுத்துருச்சு."

"அவ... அவ என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. போர்வையை எடுத்து வெளியில வச்சுட்டா. பைப்பை அன்னைக்கே கடல்ல எறிஞ்சுட்டேன். இனிமே எறிஞ்சு என்ன பிரயோஜனம்?"

அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக்குலுங்கி அழுதது. லிஸ்ஸி வாயைத் திறந்தாள். அவள் வாயிலிருந்து வந்தது, "எனக்குச் சர்க்கரை இறங்குது எகோன், நான் கிளம்பறேன்" என்பதுதான்.

இவன் என்ன செய்தான் தெரியுமா? அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு, எழுந்து தடுமாறி, அலமாரியைத் துழாவி இரண்டு சர்க்கரைக் கட்டிகளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினான். "வழியில வாயில போட்டுக்கோ. மயங்கி விழுந்துடாத. நீயாவது அவளுக்கு இருக்கணும்."

வாயில் போட்டுக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். புதன்கிழமை முழுக்க வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மாத்திரை எடுத்தாளா என்று நினைவில்லை. சிகரெட் பதினாறு பிடித்தாள், அது நினைவிருந்தது. ஒவ்வொன்றையும் இது யூட்டாவின் மூச்சு, இது யூட்டாவின் மூச்சு என்று நினைத்தே பிடித்தாள், அப்படியும் நிறுத்த முடியவில்லை. தன்னைப்போல ஈனப்பிறவி இந்த ஊரில் இல்லை என்று கண்ணாடியைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன பிறகு நெஞ்சு லேசானது. லேசானதற்காக இன்னும் வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் யூட்டாவின் சமையலறைக் கதவைத் தட்டினாள். கோட்டுப் பையில் கையை விட்டபோது சர்க்கரைக் கட்டிகள் பொடிந்து விரலில் ஒட்டின.

உள்ளே நுழைந்ததுமே வாடை வந்துவிட்டது. ஐம்பது வருஷமாகத் தெரிந்த வாடை.

யூட்டா இரவு உடைக்கு மேல் கோட்டோடு மேசையருகே உட்கார்ந்திருந்தாள். காபித் தட்டில் ஒரே ஒரு துண்டு, நசுக்கி அணைத்தது. பக்கத்தில் புதுப் பாக்கெட், அதற்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கடிதம்.

"பாக்காத அப்படி" என்றாள் யூட்டா. குரல் கரகரத்தது. "அஞ்சு நாளா உக்காந்து யோசிச்சேன். நான் பிடிக்கிறேன்னு அவங்க எழுதியே குடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரி நர்ஸ் போன்ல எவ்வளவு அன்பாப் பேசினா தெரியுமா? 'கஷ்டம்தான், நிறைய பேருக்கு இப்படி ஆகும், வெக்கப்படாதீங்க'ன்னா. ஆறு மாசம் பல்லைக் கடிச்சுட்டு இருந்தவகிட்ட வெக்கப்படாதீங்கன்னா! சரி, பேர் வாங்கியாச்சு, சாப்பிடாமயே ஏப்பம் விடணுமான்னு காலையில வாங்கிட்டு வந்தேன். இப்பதான், ஏழரைக்கு. ஒண்ணு."

"யூட்டா, அது நான்."

"என்ன நீ?"

"அந்த மிட்டாய். சிவப்பு டின். அது நிகோடின்டி. நான் விடவே இல்ல. ஒன்பது நாள்தான் இருந்தேன். உனக்குத் தெரியக் கூடாதுன்னு டின்ல போட்டு வச்சிருந்தேன். ஊதத்தான் சொல்லுவாங்கன்னு நினைச்சுக் குடுத்துட்டேன். அன்னைக்கு மத்தியானமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஒண்ணுக்குதான் எடுப்பாங்கன்னு. சாயங்காலம் சொல்லத்தான் போன் பண்ணேன். சொல்லல."

ஒரு லாரி கிழங்குச் சுமையோடு தெருவை அதிரவைத்துக்கொண்டு போயிற்று. யூட்டா அது போய் முடியும் வரை காத்திருந்தாள்.

"செவ்வாக்கிழமை இங்க வந்தியாமே. எகோன் சொன்னான்."

"வந்தேன்."

"அவன் அழறதைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு வீட்டுக்குப் போய்ட்ட."

லிஸ்ஸி தலையசைத்தாள். கத்துவாள், அறைவாள், இந்த வீட்டுப்படி ஏறாதே என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள். யூட்டா கத்தவில்லை. கத்துவதற்கும் மூச்சு வேண்டுமல்லவா.

கடிதத்தின் அடியில் ஒரு எண் இருந்தது. சந்தேகங்களுக்கு எட்டிலிருந்து ஒன்பது வரை. மணி எட்டு ஐம்பது. லிஸ்ஸி மேசையிலிருந்த போனை எடுத்துத் தானே அழைத்தாள். ஒலிபெருக்கியைப் போட்டு மேசை நடுவில் வைத்தாள். தன் பேரைச் சொல்லி, நடந்ததை ஒன்றும் விடாமல் அந்த நர்ஸிடம் சொன்னாள். 

நர்ஸ் யூட்டாவின் கோப்பைத் தேடி எடுத்தாள். பிறகு, "நீங்க கூப்பிட்டது நல்லதாப் போச்சு. இந்த மாதிரி தெரியாம நடந்ததுக்கு டாக்டர் மறு பரிசோதனைக்கு ஒத்துக்குவாங்க. அடுத்த வாரமே வரலாம். யூட்டா, நீங்க இருக்கீங்களா? வேற எதுவும் இல்லையே? அதுக்கப்புறம் சிகரெட் எதுவும் பிடிக்கலையே?"

லிஸ்ஸி யூட்டாவைப் பார்த்தாள். ஒரே ஒரு சிகரெட். அடுத்த வாரத்துக்குள் உடம்பை விட்டுப் போய்விடும், எந்தக் கப்பிலும் காட்டாது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லுடி, என்று கண்ணால் கெஞ்சினாள். இந்த ஒரு பொய்யைச் சொல்லுடி. நான் எத்தனை சொல்லியிருக்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?

யூட்டா தட்டில் இருந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சேன். இன்னைக்குக் காலையில. ஒண்ணு" என்றாள்.

"ஓ" என்றாள் நர்ஸ். அவள் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "அப்படின்னா இன்னைலேருந்து ஆறு மாசம் ஆகணும் யூட்டா. விதி அப்படி. ஏப்ரல் கடைசியில பாக்கலாம்."

போன் அணைந்தது. யூட்டா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். இந்தக் குளிர்காலத்தை எப்படியாவது தாண்டிவிட வேண்டும் என்று கோடையிலேயே டாக்டர் சொல்லியிருந்தார். தாண்டிவிடுவாள் என்று சொல்லவில்லை, தாண்டிவிட வேண்டும் என்றுதான் சொன்னார். அப்போது லிஸ்ஸியும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொன்ன?" என்றாள் லிஸ்ஸி.

"கேட்டாங்க, சொன்னேன்." யூட்டா ஒரு மூச்சு எடுத்தாள். இன்னொன்று எடுத்தாள். "நேத்து வந்திருந்தியானா இல்லைன்னு சொல்லியிருப்பேன்டி. அது உண்மையாவும் இருந்திருக்கும்."

அவள் எழுந்து பாக்கெட்டைத் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் பிடித்து ஊறவைத்தாள். பிறகு கையை நீட்டினாள். லிஸ்ஸி கைப்பையைத் திறந்து சிவப்பு டின்னைக் கொடுத்தாள். யூட்டா அதையும் குழாயடியில் கவிழ்த்தாள். மெதுவாகத்தான் செய்தாள், நடுவில் ஒரு தடவை தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லிஸ்ஸி உதவப் போகவில்லை. தொட விடுவாளா என்று தெரியவில்லை.

சமையலறைக் கதவைத் திறந்து யூட்டா வெளியே பார்த்துக் கூப்பிட்டாள். "எகோன், உள்ள வா! போர்வையையும் எடுத்துட்டு வா. உன் புகை இல்லையாம்."

எகோன் காலுறையோடு ஓடி வந்தான். வாசலிலேயே நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் இல்லையா? நிஜமாவா? யாரு சொன்னா?"

"லிஸ்ஸிதான் வந்து சொன்னா."

அவன் போர்வையைத் தரையில் போட்டான். இரண்டு எட்டில் வந்து லிஸ்ஸியின் கைகளைத் தன் பெரிய கைகளுக்குள் பொத்திக்கொண்டான். சர்க்கரைப் பிசுபிசுப்பு அவன் கையிலும் ஒட்டியிருக்க வேண்டும். "நீ நல்லா இருக்கணும் லிஸ்ஸி. அஞ்சு நாளா செத்துக்கிட்டிருந்தேன். தெய்வம் மாதிரி வந்த. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

லிஸ்ஸி யூட்டாவைப் பார்த்தாள். யூட்டா முதுகைக் காட்டிக்கொண்டு காபிக்குத் தண்ணீர் வைத்தாள். மூன்று கோப்பைகள் எடுத்தாளா, இரண்டா என்று லிஸ்ஸி நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

கையை அவனிடமிருந்து விடுவிக்காமலே அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.